பொருந்தவில்லை

வால்டிவியாவில் ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுக்கும்
மூன்றாம் ஜன்னல் என்னுடையது.
இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் மழை சொட்டும் கோட்டுகள்,
நடுவில் சோப்புக்கட்டி அளவில் ஒரு ரேகைக் கருவி.
யார் வந்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்:
விரலை வையுங்கள்.

எலியேசர் வைத்தார்.
பொருந்தவில்லை.
துடைத்துவிட்டு வையுங்கள்.
பொருந்தவில்லை.
மற்றக் கை. சுண்டுவிரல்.
வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.
திரையில் எலியேசர் மான்சியா, வயது அறுபத்துமூன்று.
எதிரே எலியேசர் மான்சியா, வயது அறுபத்துமூன்று.
இருவருக்கும் அறிமுகமே இல்லை என்றது கருவி.

மாத்திரை, என்றார்,
காலையில் நாலு, ராத்திரி நாலு.
உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கியவர்
இன்னும் இறக்கி வைக்காதது போல் இருந்தது.
சிவந்து, வழுவழுத்து,
மடிப்புகளில் மட்டும் வெடித்து.
விரல்நுனியில் எதுவுமே இல்லை,
எழுதாத தாள்.

ஆற்றோரச் சந்தையில் நாற்பது வருஷம் மீன் அறுத்த கை.
முள் குத்தியிருக்கிறது, உப்பு தின்றிருக்கிறது,
ஐஸ் பெட்டிக்குள் மரத்துப்போயிருக்கிறது.
ரேகை அசையவில்லையாம்.
வெளிர் ஆரஞ்சில் ஒரு மாத்திரை
மூன்றே மாதத்தில் வழித்துவிட்டது.
அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.
"வயிற்றுக்குள் இருப்பதையும் இப்படியே அழிக்கும், இல்லையா?"
என்னிடம் கேட்டார்,
சீட்டுக் கொடுப்பவளிடம்.
ஆமாம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
சொன்னேன்.

விதிப்புத்தகத்தில் ரேகை இல்லாதவர்களுக்கு ஒரு பக்கம் உண்டு:
சுண்ணாம்பு, செங்கல், தீக்காயம், முதுமை.
மருந்து என்று இல்லை.
'மற்றவை'யில் குறியிட்டேன்.
அட்டையின் நகல் இரண்டு, ஒரு கையெழுத்து.
கையெழுத்துக்குப் பேனாவைப் பிடிக்க வேண்டுமே.
பேனாவில் பஞ்சைச் சுற்றிக் கொடுத்தேன்.
பிறகு அது அவருக்கென்றே
என் மேசையில் கிடந்தது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருவார்.
மே மாதம், களிம்பு பூசிய கைகளுக்குப் பருத்தி உறை.
ஜூனில், மகனின் செருப்பு, இரண்டு அளவு பெரியது.
பாதமும் உரிகிறதாம்.
ஜூலையில் கொஞ்சம் பேசினார்:
சட்டைப் பொத்தானெல்லாம் நோல்ஃபா போட்டுவிடுகிறாள்.
பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கப் பழகிவிட்டேன்.
மீன்கழிவுக்குக் காத்திருக்கும் கடல்சிங்கங்கள் மட்டும்
தூரத்தில் பார்த்ததுமே படியேறிக் கத்துகின்றன.
விரல் கேட்பதில்லை.
அவர் சிரித்தார், நானும்.
வரிசை சிரிக்கவில்லை.

முதலில் கருவி, பிறகுதான் பேனா, அதுதான் விதி.
ஆகவே ஒவ்வொரு தடவையும்
விரலை வையுங்கள் என்பேன்.
பொருந்தவில்லை என்று என்னை முந்திக்கொண்டு அவரே சொல்வார்.
போகப்போக அது எங்களுக்குள் ஒரு வணக்கம் மாதிரி ஆயிற்று.

அக்டோபர். அபூர்வமாக வெயில்.
விரலை வைத்தார்.
பச்சை.

முதல் தடவையிலேயே.
கைதட்டியே விட்டேன்.
இரண்டாம் ஜன்னல் திரும்பிப் பார்த்தது.
நீங்கள் நீங்கள்தான், ஒப்புக்கொண்டுவிட்டது பாருங்கள்!

விரலை அவர் எடுக்கவில்லை.
புதுத் தோலில் கோடுகள்,
உழுது முடித்த வயல் போல், ஒன்றுகூடத் தப்பாமல்.
"போன மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்," என்றார்.

முடிந்துவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் சீட்டு அச்சாகி வந்தது.
பிரிவின் பெயர் மாறியிருந்தது:
வலி நிவாரணம்.

ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை,
பஞ்சு சுற்றிய பேனாவை.
கையெழுத்துக்கு இனி வேலையில்லை.
அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகினார்,
பையின் பொத்தானை
மெதுவாக,
தானே போட்டுக்கொண்டார்.